கேட்டுவிட்டு அனுப்புங்கள்

எங்கள் கடை மடுல்சீமை பஸாரில் இருக்கிறது. அரிசி, கோதுமை மா, கருவாடு முதல் குடை, படங்கு, ரப்பர் செருப்பு வரை வாப்பா எல்லாம் விற்பார். பாடசாலை விடுமுறை வந்தால் நானும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவேன். அங்கே யாரும் நியமிக்காத உத்தியோகம் ஒன்று எனக்கு உண்டு. வருகிறவர்களின் போனில் உள்ள குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்வதுதான் அது.

"பாப்பா, இதுல என்னமோ வந்து கெடக்கு. மகன் அனுப்புனதான்னு பாருங்க" என்று கொழுந்து பறித்த கையைப் படங்கில் துடைத்துக்கொண்டு போனை நீட்டுவார்கள். கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளையின் செய்தியாக இருக்கும் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் தெரியும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் அது குளிர்சாதனப் பெட்டிக்குக் கழிவு, தவணைக்கு மோட்டார் சைக்கிள், வெளிநாட்டுச் சுற்றுலா, இரவு பகலாகப் பாட்டுக் கேட்கும் சேவை என்று ஏதாவது ஒரு விளம்பரம். சில ஆங்கிலத்தில் இருக்கும், சில சிங்களத்தில். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பியதும் வரும். அதை வாசிக்க எனக்கே இரண்டு தரம் வேண்டும்.

"மகன் இல்லக்கா, விளம்பரம்" என்பேன். "ஓ, அப்பிடியா" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். கோபப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை. மழை பெய்வதைப் போல, அட்டை கடிப்பதைப் போல, இதுவும் வாழ்க்கையோடு வருவது என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகுதான் என் எண்ணம் மாறியது.

அந்த வாரம் முழுக்க மழை. பசறைப் பாதையில் பல இடங்களில் மண் இறங்கிக் கிடந்தது. காலையில் கடை திறந்த கையோடு, மேல் லயத்து அக்கா ஒருவர் நனைந்தபடி வந்தார். அவரது வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு விடியற்காலையில் சரிந்து குசினிச் சுவரை உடைத்திருந்தது. அல்லாஹ்வின் கிருபை, குசினியில் யாரும் இருக்கவில்லை. "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே பாப்பா. சொல்லியிருந்தா ராத்திரியே பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பமே" என்றார்.

வழமைபோல போனைத் தந்தார். நான் பார்த்தேன். முதல் நாள் மாலை தொடங்கி வந்த செய்திகள் வரிசையாக இருந்தன. இரண்டு ஆடை விற்பனை, ஒரு கடன் திட்டம், ஒரு பரிசுப் போட்டி, பிறகு இன்னும் ஏதோ. அவற்றுக்கு நடுவில், இரவு எட்டு மணிக்குப் பிறகு வந்த ஒரு செய்தி. மண்சரிவு அபாயம் இருப்பதால் மலைச்சரிவில் குடியிருப்போர் இரவு பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தச் செய்தியை யாரும் திறக்கவில்லை.

போனில் சத்தமே வைக்கப்பட்டிருக்கவில்லை. "அது ஓயாம கத்துதுன்னு மகன் வந்தப்போ சத்தத்த நிப்பாட்டிட்டுப் போனான்" என்றார் அக்கா.

நான் அந்தச் செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேனா என்று கேட்கிறீர்களா? காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தேயிலைத் தூள் ஒரு பக்கெட்டும் மெழுகுதிரி இரண்டும் வாங்கிக்கொண்டு, கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்புத் தோழியரே, பெற்றோரே, விளம்பரக் குறுஞ்செய்தி என்பது நகரத்துப் படித்தவர்களின் சிறிய எரிச்சல் என்று நினைத்தால் அது தவறு என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் மலைகளில் போன் என்பது அபாய மணி. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, எங்கள் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. அந்தக் காலையை ஊவாவில் யாரும் மறக்கமாட்டார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வெளியிடுகிறது. சிவப்பு என்றால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும். அந்த எச்சரிக்கை வானொலியில் வரும், கிராம உத்தியோகத்தர் மூலம் வரும், போனிலும் வரும். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வீணாக அடிக்கும் மணியை யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்? புலி வருகுது, புலி வருகுது என்று கத்திய சிறுவனின் கதையை நாம் சின்ன வகுப்பில் படித்தோம். இந்தக் கதையில் பொய்யாகக் கத்துகிறவன் ஒருவன், புலி பிடிப்பது வேறொருவரை.

சரி, அந்த அக்காவின் நம்பர் விற்பனைக்காரர்களுக்கு எப்படிக் கிடைத்தது? நான் அவரிடம் கேட்டேன். பதுளைக்குப் போனபோது துணிக்கடையில் சீட்டிழுப்புக்கு ஒரு துண்டு கொடுத்தார்களாம், அதில் எழுதினாராம். தவணைக்குத் தையல் இயந்திரம் விசாரித்த இடத்தில் எழுதிக்கொண்டார்களாம். வேறு எங்கே என்று அவருக்கு நினைவில்லை. எங்கேயும் அவர் "எனக்கு விளம்பரம் அனுப்புங்கள்" என்று சொல்லவில்லை. யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. பரிசு விழுந்தால் சொல்வதற்கு என்று தந்த நம்பர், பரிசைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லப் பயன்பட்டது.

செய்தியோடு நின்றாலும் பரவாயில்லை. ஒரு நாள் பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று அவருக்கு அழைப்பெடுத்து, விளங்காத மொழியில் ஏதோ சொல்லி, ஓர் எண்ணை அழுத்தச் சொல்லியிருக்கிறது. அழுத்தினால் அழைப்பு நின்றுவிடும் என்று நினைத்து அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து நாளாந்தம் சில ரூபா கழிந்துகொண்டே போனது. நூறு ரூபாவுக்கு ரீலோட் போட்டால் மகனோடு நாலு வார்த்தை பேசுமுன் தீர்ந்துவிடுகிறது என்று வாப்பாவிடம் குறைப்பட்டார். முதலில் வாப்பாதான் ரீலோட்டில் ஏமாற்றுகிறார் என்று அவர் சந்தேகப்பட்டாராம். பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். வாப்பா சிரிக்கவில்லை.

"நிறுத்த வேண்டுமானால் வழி இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. செய்தியின் அடியில் சின்னதாக, இன்ன சொல்லை இன்ன இலக்கத்துக்கு அனுப்பினால் நிறுத்தப்படும் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எல்லாச் செய்தியிலும் அல்ல, சிலவற்றில். பெயரோடு வரும் செய்திக்கு அப்படியே பதில் எழுதவும் முடியாது. அது நம்பர் அல்ல, பெயர் மட்டும்தான். ஆக, வேண்டாம் என்று சொல்வதற்கு ஒருவர் ஆங்கிலம் வாசிக்க வேண்டும், எழுதத் தெரிய வேண்டும், ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அனுப்புகிறவர் செய்ய வேண்டியது ஒரு பொத்தானை அழுத்துவது மட்டும். சுமை முழுவதும் பெறுகிறவர் தலையில். இது தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் வாதம். மறுக்கும் சுமை பெறுகிறவருக்கு வேண்டாம். கேட்கும் கடமை அனுப்புகிறவருக்கு வேண்டும். அதுவும் பெறுகிறவருக்கு விளங்கும் மொழியில்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. எங்கள் நாட்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2022 மார்ச் மாதம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பகுதி இதைப் பற்றியதுதான். தபால், தொலைத்தொடர்பு, இலத்திரனியல் வழி எதுவாக இருந்தாலும், சம்பந்தப்பட்டவர் சம்மதம் தந்திருந்தால் மட்டுமே அவருக்கு இத்தகைய செய்தியை அனுப்பலாம் என்கிறது அது. நம்பரை வாங்கும்போதும், பிறகு ஒவ்வொரு செய்தி அனுப்பும்போதும், அதை நிறுத்துவது எப்படி என்று சொல்ல வேண்டும். நிறுத்துவதற்குக் காசு வாங்கக் கூடாது. அனுப்புவது யார், யாருக்காக அனுப்புகிறார், அது என்ன வகைச் செய்தி என்பதையும் அறிவிக்க வேண்டும். சட்டத்தை மீறி, அதிகார சபையின் பணிப்புரைக்கும் கட்டுப்படாத நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம் என்றும் 2022 இல் எழுதப்பட்டது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தரவுகளை விசேட கவனத்துக்குரியவை என்று அது தனியாக வகுத்திருக்கிறது. பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் பிறந்த அன்றே இந்த நான்காம் பகுதிக்கு மட்டும் நீண்ட அவகாசம் கொடுக்கப்பட்டது. 24 மாதத்துக்குக் குறையாமல், 48 மாதத்துக்கு மேற்படாமல் என்று இருந்தது. சட்டத்தை நடத்த வேண்டிய தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கான பகுதி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. ஏனைய முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் வரும் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு அந்தத் திகதி பின்போடப்பட்டது. ஆயத்தமாக நேரம் வேண்டும் என்பது காரணம். புதிய சட்டத்துக்கு ஆயத்தம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கணினிகளை மாற்ற வேண்டும், ஆட்களைப் பயிற்ற வேண்டும். ஆனால் "உங்களுக்கு அனுப்பலாமா?" என்று கேட்பதற்கு எத்தனை வருட ஆயத்தம் வேண்டும்?

அயலில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். இந்தியாவில் 2007 இல் "அழைக்க வேண்டாம்" என்ற பதிவேடு தொடங்கியது. விளம்பரம் வேண்டாதவர் தன் நம்பரை அதில் பதிய வேண்டும். அது போதவில்லை என்று 2010 இல் புதிய விதிகளைக் கொண்டு வந்தார்கள். இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை விளம்பரம் கூடாது, 1909 என்ற இலக்கத்துக்குச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதுவும் போதாமல் 2018 இல் இன்னொரு விதித்தொகுப்பு. 2025 இல் மீண்டும் திருத்தம். ஏன் இத்தனை தரம்? கதவைப் பூட்டும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டால், தட்டுகிறவர் புதுப்புதுக் கதவாகத் தேடி வருவார். பதிவு செய்த நிறுவனங்களைத் தடுத்தால் சாதாரண நம்பரிலிருந்து அழைப்பார்கள். எனவேதான் இப்போது இந்தியாவில் அனுப்புகிறவர் பக்கம் பிடியை இறுக்குகிறார்கள். அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிய வேண்டும். விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் இலக்கத்திலிருந்துதான் வர வேண்டும். 2025 திருத்தத்தின்படி குறுஞ்செய்தி அனுப்பும் பெயரின் முடிவில் ஓர் எழுத்து இருக்கும். விளம்பரமா, சேவையா, கணக்குக் கொடுக்கல் வாங்கலா, அரசாங்கத்தின் செய்தியா என்பதை அந்த ஒற்றை எழுத்து சொல்லிவிடும்.

அந்தக் கடைசி ஏற்பாட்டைப் பற்றி வாசித்தபோது எனக்கு மேல் லயத்து அக்காவின் போன்தான் கண்ணுக்கு முன் வந்தது. அரசாங்கத்தின் எச்சரிக்கை எது, ஆடை விற்பனை எது என்று ஒரே பார்வையில் பிரித்துக் காட்டும் அடையாளம் இருந்திருந்தால்? எங்கள் 2022 சட்டத்திலும் செய்தி வகைகளுக்குத் தனிக் குறியீடு வகுக்கும் அதிகாரம் அதிகார சபைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் போதும்.

தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் 2014 ஜனவரி 2 முதல் "அழைக்க வேண்டாம்" பதிவேடு நடைமுறையில் உள்ளது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, நிறுவனப் பெயரில் குறுஞ்செய்தி அனுப்புகிறவர் அந்தப் பெயரை முன்பே பதிந்திருக்க வேண்டும். பதியாத பெயரில் வந்தால், மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடுதான் அது போனில் தெரியும். வாசிக்கிறவர் ஏமாறுமுன்பே எச்சரிக்கப்படுகிறார்.

மொழி விடயத்தில் இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவித்தலை ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் பெறும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். தமிழ் அதில் ஒன்று. எங்கள் நாட்டில் 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் முதல் தமிழும் அரச கரும மொழி. ஆனாலும் மடுல்சீமைத் தோட்டத்தில் ஒரு பெண் தன் போனைத் தானே நிறுத்திக்கொள்ள ஆங்கிலம் தேவைப்படுகிறது. விளங்காத மொழியில் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அவர் அழுத்திய அந்த எண்ணை "அவரே விரும்பி எடுத்த சேவை" என்று ஒரு கணினி பதிந்து வைத்திருக்கிறது.

இனி, எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். நான் ஒரு கடைக்காரரின் மகள். வியாபாரம் செய்கிறவருக்குத் தன் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் போடவோ தொலைக்காட்சியில் காட்டவோ சின்னக் கடைகளுக்கு வசதியில்லை. குறுஞ்செய்தி மலிவு. அதை முற்றாகத் தடுத்தால் பெரிய நிறுவனங்கள் வேறு வழி தேடிக்கொள்ளும், சின்னக் கடைகள்தான் வாயடைத்துப் போகும். இது பொய்யல்ல.

உண்மையைச் சொன்னால், நானே அந்த வேலையைச் செய்திருக்கிறேன். எங்கள் கடையில் கடன் கொப்பி ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் மாதச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வரும், அதுவரை சாமான் கடனுக்குப் போகும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே போன் நம்பர் இருக்கும். போன தீபாவளிக்கு முன் வாப்பாவிடம், "புதுச் சாமான் வந்திருக்குன்னு எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போடட்டுமா வாப்பா?" என்று கேட்டேன். "போடுங்க தங்கச்சி" என்றார். கொப்பியைப் பார்த்து வரிசையாக அனுப்பினேன். வாப்பாவிடம் கேட்டேன். நம்பருக்குச் சொந்தக்காரர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வந்தார். ஏதோ விற்பனை முகவர். பேச்சோடு பேச்சாக, "உங்கட கொப்பிய ஒருக்கா போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா நானா? நம்பர் மட்டும்தான். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்டு தாறன்" என்றார். வாப்பா கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"இது கடனுக்காகத் தந்த நம்பர் தம்பி. அமானிதம். எனக்கு விக்க ஏலாது."

அவர் போன பிறகு வாப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அமானிதம் என்றால் ஒப்படைத்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது நாங்கள் சின்ன வயதிலேயே கற்றது. முகவருக்கு விற்பதற்கு மட்டுமா அது பொருந்தும்? எங்கள் தீபாவளிச் செய்திக்குப் பொருந்தாதா?

அந்த மழைக்குப் பிறகு நான் கொப்பியில் புதிதாக ஒரு கோடு இழுத்தேன். பெயர், நம்பர், கணக்கு, அதற்கடுத்து "செய்தி அனுப்பலாமா?" கடைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். கேட்ட விதம் இதுதான்: "அக்கா, புதுச் சாமான் வந்தா ஒரு மெசேஜ் தமிழ்ல போடட்டுமா? வேண்டாம்னா போட மாட்டோம். இப்ப சரின்னு சொல்லிட்டு பொறகு வேண்டாம்னாலும் சொல்லலாம்." பாதிக்கு மேற்பட்டவர்கள் "போடுங்க பாப்பா" என்றார்கள். சிலர் "பாடசாலைக் கொப்பி, சப்பாத்து வந்தா மட்டும் சொல்லுங்க" என்றார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள், நான் அப்படியே எழுதினேன். ஒரு தாத்தா மட்டும், "இத எங்ககிட்ட கேக்குறாங்களே" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் ஆச்சரியமாகச் சொன்னார்.

வியாபாரம் குறைந்ததா? குறையவில்லை. சரி என்று சொன்னவர்கள் எங்கள் செய்தியை உண்மையாகவே வாசிக்கிறார்கள். சப்பாத்து வந்தது என்று செய்தி போட்டால் அடுத்த சனிக்கிழமை பிள்ளையோடு வந்து நிற்கிறார்கள். கேட்காமல் எல்லோருக்கும் அனுப்பிய தீபாவளிச் செய்தியைப் பார்த்து வந்தவர் யார் என்று எனக்கு ஒருவரைக்கூடச் சொல்லத் தெரியாது. மடுல்சீமைப் பஸாரில் ஒரு சின்னக் கடையின் கொப்பியில் ஒரு கோடு இழுத்துச் செய்ய முடிந்ததை, ஆயிரக்கணக்கான ஊழியர்களும் கணினிகளும் உள்ள நிறுவனங்களுக்குச் செய்ய முடியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

ஆகவே நான் கேட்பவை இவைதான். முதலாவது, 2022 சட்டத்தின் நான்காம் பகுதி தாமதமின்றி முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். இரண்டாவது, சம்மதம் கேட்பதும் நிறுத்தும் வழியைச் சொல்வதும் அந்தப் பாவனையாளரின் மொழியில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்காக, ஓர் இலக்கத்தை அழைத்து வாயால் "வேண்டாம்" என்று சொன்னாலே எல்லா நிறுவனங்களின் விளம்பரமும் நிற்கும் வழி வேண்டும். மூன்றாவது, எண்ணை அழுத்தியதையே சம்மதமாக எடுத்து ரீலோட் காசைக் கழிக்கும் முறை கூடாது. நான்காவது, விளம்பரத்துக்கு ஓர் அடையாளமும் அனர்த்த எச்சரிக்கைக்கு வேறோர் அடையாளமும் இருக்க வேண்டும், இரவில் எச்சரிக்கை மட்டுமே ஒலிக்க வேண்டும்.

அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பெற்றோரே, சீட்டிழுப்புத் துண்டிலும் கடைப் படிவத்திலும் நம்பர் எழுதுமுன் "இது எதற்கு?" என்று ஒரு தரம் கேளுங்கள். பொருள் வாங்க நம்பர் கட்டாயமில்லை. பிள்ளைகளின் பெயர், வயது, நம்பரைப் போட்டிகளுக்கும் வகுப்பு விளம்பரங்களுக்கும் இலேசாக எழுதிக் கொடுக்காதீர்கள். காசு காரணமில்லாமல் கழிந்தால் உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கு முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 இல் சொல்லலாம். விற்பனையில் ஏமாற்று என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

தோழியரே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் வீட்டில் ஆங்கிலமும் சிங்களமும் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். உம்மாவின் போனை, உம்மம்மாவின் போனை, பக்கத்து வீட்டாரின் போனை அவர்கள் அனுமதியோடு எடுத்துப் பாருங்கள். எந்தச் சேவைக்குக் காசு கழிகிறது என்று பார்த்து நிறுத்திக் கொடுங்கள். விளம்பரம் அனுப்பும் பெயர்களை ஒவ்வொன்றாகத் தடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அந்த மகன் செய்ததும் தாயின் மேல் உள்ள அன்பினால்தான். ஆனால் நிறுத்த வேண்டியது விளம்பரத்தை, மணியை அல்ல.

போன கிழமை மேல் லயத்து அக்கா கடைக்கு வந்தார். குசினிச் சுவருக்குத் தகரம் அடித்திருக்கிறார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் போனை மேசையில் வைத்தார்.

"பாப்பா, இதுக்கு சத்தத்த திரும்பவும் போட்டுத் தாங்க. மழ வருது."

நான் முதலில் விளம்பரப் பெயர்களைத் தடுத்தேன். முப்பது வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. அதன் பிறகு சத்தத்தைக் கூட்டி, எங்கள் கடைப் போனிலிருந்து ஓர் அழைப்பு எடுத்துப் பார்த்தேன். நன்றாக ஒலித்தது. வீட்டுக்குப் போய்ச் சேருமுன் புதிய விளம்பரம் ஒன்று வந்திருக்கலாம். அதை நிறுத்துவது என் கையிலோ அவர் கையிலோ இல்லை. அனுப்புகிறவர்களின் கையிலும், அவர்களைக் கேட்க வைக்க வேண்டிய சட்டத்தின் கையிலும் இருக்கிறது.